நெலுங்கொல்லைப் பாடசாலையின் ஆறு போட்

1993ஆம் ஆண்டு மாசி மாதம் பதுளையில் ஓர் ஏலம் நடந்தது. எங்கள் பாடசாலை அதிபர் லீலாதேவி டீச்சர் ஆறு கரும்பலகை வாங்குவதற்காக அங்கே போனார். கடலில் பாய் கட்டி, நின்றபடி காற்றில் ஓடுவார்களே, அந்தப் பாய்ப்பலகைகள் ஆறை வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அதே பாடசாலையில் இருந்தார். தான் வாங்கியது பிழையான சாமான் என்று இந்தப் பதினைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அவர் ஒத்துக்கொண்டதில்லை. கூடவே படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒத்துக்கொள்ள வேண்டிய தேவையும் பெரிதாக வரவில்லை.

நெலுங்கொல்லைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போக, தெமோதரை ரயில் நிலையத்தில் இறங்கி முக்கால் மணித்தியாலம் மேலே ஏற வேண்டும். பாடசாலை என்றால் தகரம் போட்ட ஒரே மண்டபம். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். ஆசிரியர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பரீட்சை எழுதி 1991இல் நியமனம் கிடைத்து அங்கேயே வந்து சேர்ந்தேன். டீச்சர் எனக்கு முன்பே பதின்மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டார். கணித டீச்சர். ஒல்லியான உடம்பு. பேச்சில் பாதி கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலையும் அவரே சொல்வார்.

அவருடைய ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். யாழ்ப்பாணம் என்றால் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் கடல்தான். ஆகவே டீச்சர் கடல் பக்கத்து மனுஷி, அலை பார்த்து வளர்ந்தவர், மீன் பிடிக்கத் தெரிந்தவர் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவெடுத்திருந்தார்கள். உரும்பிராயிலிருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்துத்தான் போக வேண்டும் என்பது யாருக்கும் தெரியாது. டீச்சரும் சொல்லவில்லை.

அந்த மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு கரும்பலகை. எழுதினால் எழுத்துத் தெரியாது. எழுதாவிட்டால் பழைய எழுத்துத் தெரியும். அதை நடுவில் நிறுத்தி, முன்பக்கத்தை நானும் பின்பக்கத்தை டீச்சரும் பாவித்தோம். டீச்சர் அதற்காக எத்தனையோ கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. கடைசியில் பெற்றோரைக் கூட்டிச் சிறிது பணம் சேர்த்தார். அந்த நேரத்தில்தான் ஏல அறிவித்தல் வந்தது.

அணைக்கட்டு வேலைக்காக மகாவலிப் பக்கம் வந்திருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பனி விட்டுப்போன சாமான்கள் அவை. பல வருடமாக ஏதோ ஒரு களஞ்சியத்தில் கிடந்து ஏலத்துக்கு வந்திருந்தன. டீச்சரோடு நானும் போயிருந்தேன். ஏலம் நடந்த மண்டபத்தில் ஒரு சாமானும் இல்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பட்டியலைக் கையில் தந்தார்கள். கதிரை, மேசை, கட்டில், ஓடாத குளிர்சாதனப் பெட்டி என்று போய், முப்பத்தோராவது இலக்கத்தில் இருந்தது: ‘சேல் போட், பாவித்தது, ஆறு.’

எங்கள் வாயில் கரும்பலகையும் போட்தான், படகும் போட்தான். போதாததற்கு, தட்டச்சு செய்தவர் பாய்க்குரிய ‘சேல்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இடத்தில் விற்பனைக்குரிய ‘சேல்’ என்ற சொல்லை அடித்து வைத்திருந்தார்.

“சேல் போட் எண்டால் விக்கிற போட் தானே?” என்றார் டீச்சர் என் காதில். “இஞ்ச எல்லாமே விக்கிறதுதான். இதுக்கு மட்டும் ஏன் தனியாப் போட்டிருக்கினம்?”

“ரொம்பப் பழசா இருக்கும்போல, டீச்சர்.”

“பழசெண்டாப் பரவாயில்லை. கறுப்பு அடிக்கலாம்.”

அவரோடு போட்டிக்கு நின்றவர் ஒருவர்தான். பதுளையில் பழைய தளபாடக் கடை வைத்திருந்த ஸமீம். அவருக்கு அந்தச் சாமான் என்னவென்றே தெரியாது. பள்ளிக்கூடத்து ஆள் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார் என்றால் நல்ல தேக்குப் பலகையாகத்தான் இருக்கும் என்று நினைத்து மூன்று தடவை விலையை ஏற்றினார். நாலாவது தடவை டீச்சர் அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஸமீம் கையைக் கீழே போட்டார்.

சாமானை ஏற்றிவர டீச்சரும், பாடசாலைக் காவலாளி யேசுரத்தினமும் தோட்டத்து லொறியில் களஞ்சியத்துக்குப் போனார்கள். அங்கே நடந்ததை யேசுரத்தினம் எனக்குச் சொன்னார். கதவைத் திறந்ததும் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றன ஆறு. ஒவ்வொன்றும் பன்னிரண்டு அடி. மஞ்சளும் வெள்ளையும் நீலமுமாக, நுனி வளைந்து, அடியில் மீன் செட்டை போல ஒன்று நீட்டிக்கொண்டு. பக்கத்தில் பதினைந்து அடிக் கம்புகளும், சுருட்டிய பாய்களும்.

யேசுரத்தினம் தலையைச் சொறிந்திருக்கிறார். “டீச்சர், இது போட் மாதிரி இல்லீங்களே.”

டீச்சர் ஆறையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒன்றின் மேல்பக்கத்தைக் கையால் தடவினார். கால் வழுக்காமல் இருக்க அந்தப் பக்கத்தைச் சொரசொரவென்று செய்திருந்தார்கள். கைப்பையைத் திறந்து ஒரு துண்டு வெண்கட்டி எடுத்து, அதில் ‘அ’ என்று எழுதினார். எழுத்து அச்சடித்ததுபோல விழுந்தது.

“ஏத்துங்கோ,” என்றார்.

வழியில் ஒரு காவலரணில் லொறியை மறித்தார்கள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ் மனுஷி லொறியில் பதினைந்து அடிக் கம்பு கொண்டுபோனால் மறிக்காமல் என்ன செய்வார்கள். எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி ரோட்டோரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு, நாலு சிப்பாய்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பான கோப்ரல் தென்கரைப் பக்கத்து ஆள். பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது.

“இது கடலில் போகிற சாமான்,” என்றார் சிங்களத்தில். “வெள்ளைக்காரர் இதில் ஏறி நின்று போவார்கள்.”

டீச்சருக்குச் சிங்களம் நன்றாகவே வரும். “பதுளையில் கடல் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“கடல் இல்லையென்றால் இது கடலில் போகிற சாமான் இல்லை. கரும்பலகை.”

கோப்ரல் கம்புகளைக் காட்டினார். “அப்படியென்றால் இந்தக் கம்பு?”

“தேசப்படம் தொங்கவிட.”

“துணி?”

“பெற்றோர் தினத்துக்குத் திரை.”

அந்த இடத்தில் நின்றுதான் டீச்சர் இவற்றையெல்லாம் முடிவு செய்திருக்கிறார். ஆனால் ஒன்றும் பொய்யாகவில்லை. எல்லாம் பிற்பாடு அப்படியே நடந்தது. சந்தேகம் தீராத ஒரு சிப்பாய், எழுதிக் காட்டச் சொன்னான். டீச்சர் ரோட்டோரத்தில் குந்தி எட்டாம் வாய்ப்பாட்டை எழுதினார். ஏழெட்டு வருகிற இடத்தில் அந்தச் சிப்பாயிடமே விடையைக் கேட்டாராம். அவனுக்கு வரவில்லை. லொறியைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரம். கூடையோடு நின்ற பெண்களெல்லாம் லொறியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். விமானத்து இறக்கை என்றாள் ஒருத்தி. செத்த சுறாமீனைக் காயவைத்தது என்றாள் இராக்கம்மா. அவளுக்குச் சுறாமீன் எப்படி இருக்கும் என்று தெரியாது. டீச்சர் கொண்டுவந்த சாமான் என்பதால் கடல் சம்பந்தமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

கறுப்பு அடிப்பது சுலபமாக இல்லை. பலகை முழுக்கப் பிளாஸ்டிக். முதலில் அடித்த பெயின்ட் மூன்றாம் நாள் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக உரிந்து வந்தது. டீச்சர் அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, பலகைகளை அரத்தாளால் தேய்க்கச் சொன்னார். நானும் யேசுரத்தினமும் இரண்டு சனிக்கிழமை தேய்த்தோம். தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக் கரியைப் பெயின்டில் குழைத்து அடித்த பிறகுதான் பிடித்தது. அதுவும் ஒரு பாடசாலைத் தவணைக்குத்தான். ஒவ்வொரு தவணையும் விடுமுறையில் திரும்ப அடித்தோம். பதினைந்து வருடத்துக் கறுப்பும் சேர்ந்து கடைசியில் ஒவ்வொரு பலகையும் இரண்டு பேர் தூக்க முடியாத பாரமாகிவிட்டது.

நட்டு வைக்கப் பார்த்தால் கூரை இடித்தது. ஆகவே படுக்கையாக, தூணுக்குத் தூண் கட்டினோம். அப்படிக் கட்டியதில் ஒரு புதுமை நடந்தது. அந்த மண்டபத்தில் முதல் தடவையாக வகுப்புக்கு வகுப்பு மறைப்பு வந்தது. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் கத்தி போல ஒரு தகட்டை இறக்குவதற்கு நீண்ட ஓட்டை ஒன்று உண்டு. அந்த ஓட்டை வழியாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாலாம் வகுப்பின் பாடத்தை ஒட்டுக் கேட்டார்கள். தங்கள் பாடம் அலுப்பாக இருந்ததால் அதைக் கவனமாகவும் கேட்டார்கள். அடுத்த வருடம் நாலாம் வகுப்புக்கு ஏறியபோது அந்தக் கணக்கெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. டீச்சர் இதைக் கண்டுபிடித்ததும், ஓட்டையை அடைக்கச் சொன்ன என்னைத் தடுத்துவிட்டார். பலகையின் செட்டை என் வகுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் என் கைப்பையை மாட்டிக்கொண்டேன்.

குறை என்று சொன்னால் இரண்டு. சொரசொரப்பில் வெண்கட்டி தேங்காய்ப் பூ மாதிரி உதிர்ந்தது. மற்றப் பாடசாலைக்கு ஒரு மாதம் போகிற பெட்டி எங்களுக்கு ஒரு கிழமைக்குக் காணாது. மற்றது, பலகையின் கீழ்விளிம்பு நுனியில் மேல்நோக்கி வளைந்திருந்ததால் எழுதுகிற வரி கடைசியில் ஏறிக்கொண்டு போகும். பிள்ளைகள் பார்த்தபடியே கொப்பியில் எழுதினார்கள். நெலுங்கொல்லைப் பிள்ளைகளின் எழுத்து ஒவ்வொரு வரியிலும் நேராகப் போய்க் கடைசி இரண்டு சொல்லில் மேட்டில் ஏறியது. எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருத்தி புலமைப்பரிசில் பரீட்சைத் தாள் திருத்தப் போய்வந்து சொன்னாள்: “பேரும் இல்ல ஊரும் இல்ல, நம்பர் மட்டுந்தான் இருக்கு. ஆனா ஒங்க பள்ளிக்கூடத்துத் தாள் வந்தா நாங்க எல்லாரும் கழுத்தச் சரிச்சிக்கிட்டுத்தான் திருத்துறது.”

1996இல் மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே டீச்சர், “இது சேல் போட், சேர்,” என்று உண்மையைச் சொன்னார். அதிகாரி அதைப் புதுவகைக் கரும்பலகையின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். கடைசி வாங்கில் போய் உட்கார்ந்து, இடதுபக்கம் சாய்ந்து பார்த்தார், வலதுபக்கம் சாய்ந்து பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் வெளிச்சம் தெறிக்கவில்லை. ‘ஒளி தெறிக்காத வளைவுக் கரும்பலகை முறை மிகவும் பாராட்டத்தக்கது’ என்று சம்பவப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு பண்டாரவளைப் பக்கத்திலிருந்துகூட அதிபர்மார் பார்க்க வந்தார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய், தச்சனைப் பிடித்து நல்ல மாம்பலகையை நெருப்பில் வாட்டி வளைக்கப் பார்த்தாராம். அது இரண்டாகப் பிளந்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் 2006 ஆடி மாதம் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஸமீம் இறங்கினார். பின்னால் எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரர். பெயர் ஹெல்முட். ஜெர்மன்காரர். அந்த அணைக்கட்டில் பொறியியலாளராக வேலை செய்தவராம். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு நீர்த்தேக்கத்தில் பாய்ப்பலகை ஓட்டியவர். இருபது வருடம் கழித்து, விட்டுப்போன பலகையைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். பதுளையில் விசாரித்தபோது, ஏலத்தில் தன்னைப் பார்வையாலேயே தோற்கடித்தவரை மறக்காத ஸமீம் நேரே இங்கே கூட்டி வந்துவிட்டார். வேனுக்குள் ஹெல்முட்டின் மனைவி கிசேலா இருந்தார். அந்தக் காலத்தில் அட்டை கடித்த ஞாபகத்தில் இறங்க மறுத்துவிட்டார். ஆடி மாதத்தில் அட்டை இல்லை என்று ஸமீம் சொல்லியும் அவர் நம்பவில்லை. கண்ணாடியை இறக்கி அதன் வழியாகவே எல்லோரோடும் பேசினார்.

ஹெல்முட் மண்டபத்துக்குள் வந்தார். மூன்றாம் வகுப்பில் பின்னம் நடந்துகொண்டிருந்தது. பலகையின் அடிப்பக்கத்துக்குப் போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சாவியால் மெதுவாகச் சுரண்டினார். பதின்மூன்று வருடத்துக் கறுப்பு அடுக்கடுக்காக உதிர்ந்தது. உள்ளே மஞ்சள் தெரிந்தது. அதற்கு மேல் சிவப்பில் கையால் எழுதிய ஆங்கில எழுத்துகள்: கிசேலா. மனுஷன் கையைப் பலகையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார், அரை கூட்டல் கால் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“இதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மூன்றாம் வகுப்பு இப்போது பாவிக்கிறது,” என்றார் டீச்சர்.

“ஆனால் அம்மா, இது கரும்பலகை இல்லை.”

பதின்மூன்று வருடமாக எங்கள் யாருக்கும் வாயில் வராத வசனம் அது. டீச்சர் கோபிக்கவில்லை. “அப்படியென்றால் என்னவென்று காட்டுங்கள்,” என்றார்.

தொழிற்சாலைக்கு மேலே தோட்டத்துக் குளம் இருந்தது. ஒரு கரையிலிருந்து மறுகரை நூற்றைம்பது அடி வரும். நாலு பேர் பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, பெற்றோர் தினத் திரையையும் தேசப்படக் கம்பையும் யேசுரத்தினம் கொண்டுபோக, பாடசாலை முழுக்கப் பின்னால் போனது. சத்தம் கேட்டு மலையில் இருந்தவர்களும் இறங்கி வந்துவிட்டார்கள். ஹெல்முட் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, பாயைக் கட்டினார். ஆடி மாதம் எங்கள் பக்கத்துக்கு வறண்ட காற்றுக் காலம். பலகையில் ஏறி நின்று பாயை நிமிர்த்தியதுதான், ஆள் விர்ரென்று போனார். போகும்போது எழுபது வயதுக்காரர் மாதிரியே இல்லை. மறுகரையில் திரும்ப இடமில்லாமல் நாணல் பத்தைக்குள் நுழைந்து, தலைகீழாக விழுந்து, இடுப்பளவு சேற்றில் எழுந்து கையைத் தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா,” என்றார் ஸமீம். “டீச்சர், இது வேற போட்.”

“ஏறினால் படகு, எழுதினால் கரும்பலகை,” என்றார் டீச்சர். “எங்கட ஆக்கள் எழுதினவை. அவ்வளவுதான்.”

அத்தோடு எல்லோரும் கலைந்து போயிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் நின்ற இராக்கம்மா, “இந்த வெள்ளக்காரரு விழுந்துட்டாரு. நம்ம டீச்சருன்னா விழ மாட்டாங்க. கடலோரத்து ஆளுல்ல?” என்றாள். ஆமாங்க, ஆமாங்க என்று நாலு பக்கமும் கேட்டது. ஹெல்முட் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து, ஸமீம் மொழிபெயர்த்ததைக் கேட்டு, “நீங்கள் கடலோரமா? அப்படியென்றால் கட்டாயம் ஏற வேண்டும்,” என்றார். பாயைக் கழற்றி, உட்கார வசதியாகப் பலகையை வெறுமையாக்கிக் கொடுத்தார்.

டீச்சர் என் பக்கம் குனிந்தார். “சுஜீவா, எனக்கு நீந்தத் தெரியாது. ஆருக்கும் சொல்லிப்போடாதையும்.”

“அப்ப ஏறாதீங்க, டீச்சர்.”

“ஏறாட்டில் இருபத்தெட்டு வருசமும் பொய்யாப் போகும்.”

தொழிற்சாலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்தார்கள். பலகையின் நடுவில் அதை வைத்துக் கட்டினார் யேசுரத்தினம். டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்து, கதிரையில் உட்கார்ந்தார். வெயில் சுட்டது. குடையை விரித்தார். ஹெல்முட் நெஞ்சளவு தண்ணீரில் நின்று பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் ஆட்டிக் காட்டிவிட்டுத் திரும்பக் கரைக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய எண்ணம்.

அப்போது காற்று வந்தது. குடை நிறையக் காற்று. டீச்சர் பயத்தில் குடைக்காம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அதுதான் காரியத்தைச் செய்தது. பலகை ஹெல்முட்டின் கையை விட்டு வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. கரும்பலகையில் கதிரை, கதிரையில் அதிபர், அதிபரின் கையில் குடை, எல்லாம் சேர்ந்து நேர்கோட்டில் குளத்தைக் கடந்து போயின. கரையில் முந்நூறு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவுமில்லை. பிரார்த்தனைக் கூட்டத்தில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தார். மறுகரை மண்ணில் பலகை மெல்ல முட்டி நின்றது. எழுந்து, செருப்பைப் போட்டு, குடையைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார். சேலைக் கரைகூட நனையவில்லை.

குளத்தைச் சுற்றி நான் ஓடிப் போனபோது அவர் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்பிடி இருந்தது, டீச்சர்?”

“இன்னொருக்காப் போகலாம்,” என்றார்.

ஹெல்முட்டுக்குப் பலகை கிடைக்கவில்லை. டீச்சர் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், மறுத்தது கிசேலா. வேன் கண்ணாடி வழியாகத் தன் பெயர் எழுதிய பலகையைப் பார்த்தார். “இதை வீட்டில் எங்கே வைப்பாய்? அன்றைக்கே இங்கே விட்டுவிட்டு வரச் சொன்னது நான்தானே,” என்றார். மனுஷன் வேனில் ஏறினார். போவதற்கு முன் மூன்றாம் வகுப்புக்கு ஒரு புதுப் பலகை வாங்கிக் கொடுக்க ஸமீமிடம் ஒழுங்கு செய்திருந்தார். பளபளவென்று ஒரு பச்சைப் பலகை வந்தது. அதில் வெண்கட்டி வழுக்கியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கிழமை அழாக்குறையாக இருந்தார்கள். நாலாம் வகுப்பின் சத்தம் வருவதற்கு அதில் ஓட்டையும் இல்லை.

கிசேலா குளக்கரையிலேயே தங்கிவிட்டது. பலகையை எல்லோரும் அந்தப் பெயரில்தான் சொன்னார்கள். எங்கள் ஆட்களின் வாயில் அது ‘கிசலாம்மா’ ஆகியது. சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு டீச்சர் கதிரையும் குடையுமாகக் குளத்துக்கு வருவார். காற்று இருந்தால் போவார். இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார். குளத்தில் இறங்கக் கூடாது என்று தோட்டத்தை நிர்வகித்த துரை ஓர் அறிவித்தல் போட்டார். தான் இறங்கவில்லை, மேலேதான் போகிறேன் என்று டீச்சர் பதில் எழுதினார். துரையே ஒரு சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

2008 ஆனியில் டீச்சர் ஓய்வு பெற்றார். மறுவருடம் யுத்தம் முடிந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் உரும்பிராய்க்குப் போனார். மூன்று மாதம் இருக்கப் போகிறேன் என்றவர் பதினோராம் நாள் திரும்பி வந்து, பதுளையில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். வெயில் ஒத்துவரவில்லை என்றார். பாடசாலைக்குப் புதுக் கட்டடம் வந்தபோது கழித்த பலகைகளில் இரண்டை ஸமீம் வாங்கி, அறுகம்பேக் கடற்கரை விடுதிக்காரர் ஒருவருக்கு விற்றார். அங்கே அவை சாப்பாட்டு மேசையாக இருக்கின்றனவாம். கறுப்பைச் சுரண்ட விடுதிக்காரருக்கு மனம் வரவில்லையாம். பன்னிரண்டாம் வாய்ப்பாடு அப்படியே இருக்கிறதாம்.

டீச்சர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு கிழமைக்கு முந்திய சனிக்கிழமை என்னையும் ஏறச் சொன்னார். இரண்டு பேருக்குக் கதிரை வைக்க முடியாது. பலகையிலேயே முன்னும் பின்னுமாகக் கால் நீட்டி உட்கார்ந்தோம். எனக்கும் நீந்தத் தெரியாது. நடுக்குளம் வரை நன்றாகத்தான் போனது. அங்கே போனதும் காற்று விழுந்துவிட்டது. குடையில் இலை அசைகிற காற்றுக்கூட இல்லை. சுற்றிவரத் தண்ணீர், அதற்கு மேலே தேயிலை, அதற்கு மேலே லயத்து அடுப்புப் புகை நேரே மேலே போய்க்கொண்டிருந்தது.

“இப்ப என்னங்க செய்யறது, டீச்சர்?”

“காத்து வரும்.”

கால் மணித்தியாலம் பார்த்தோம். வரவில்லை.

“டீச்சர், நீங்க ஏன் ஒரு தடவகூட மாத்தம் கேக்கல? ஊருக்குப் போயிருக்கலாமே.”

“கேட்டனான்,” என்றார். “தொண்ணூற்று ரெண்டிலை கேட்டனான். ஒரு வருசம் கழிச்சுக் கிடைச்சது. போட் வாங்கி ஒரு மாசம். அப்பதான் முதல் கறுப்பு உரிஞ்சுகொண்டு கிடந்தது. அந்தக் கோலத்திலை இன்னொராளிட்டைக் குடுத்திட்டுப் போனால் என்ன நினைப்பினம்? ஆறு போட்டையும் ஒழுங்காக்கிப்போட்டுப் போவம் எண்டு கடிதத்தை அலுமாரிக்குள்ளை வைச்சன்.”

“அப்புறம்?”

“ஒவ்வொரு தவணையும் உரிஞ்சுதெல்லோ.”

நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் கைப்பையைத் திறந்து ஐந்தாம் வகுப்புத் தவணைப் பரீட்சைத் தாள்களையும் இரண்டு சிவப்புப் பேனையையும் எடுத்தார். தோளுக்கு மேலால் பாதியை எனக்கு நீட்டினார்.

“சும்மா இருக்கிற நேரம்தானே. பிடியும்.”

திருத்தினோம். ஏழாம் கேள்வியில் ஒரு பிள்ளை வழியைப் பிழையாகச் செய்து விடையைச் சரியாக எழுதியிருந்தது. அரைப் புள்ளி கொடுக்கலாம் என்றேன் நான். கொடுக்கக் கூடாது என்றார் அவர். திரும்பிப் பேசினால் பலகை ஆடும் என்பதால் இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டே சண்டை பிடித்தோம். கடைசியில் கால் புள்ளிக்கு வந்து நின்றோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. யேசுரத்தினம் தொழிற்சாலைப் பக்கமிருந்து கயிறோடு ஓடி வந்து, ஒரு நுனியில் கல் கட்டி வீசினார். இரண்டாம் வீச்சில் அது டீச்சரின் மடியருகே விழுந்தது. டீச்சர் கயிற்றை எடுத்துக் கால்விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“இழுக்கவாங்க டீச்சர்?” என்று யேசுரத்தினம் கத்தினார்.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றார் டீச்சர், தலை நிமிராமல். “இன்னும் மூண்டு தாள் இருக்கு.”

யேசுரத்தினம் கயிற்றின் மறுநுனியைக் கையில் பிடித்தபடி கரையில் உட்கார்ந்துகொண்டார்.